பனிப்பொழிவு, சென்டிமீட்டரில்

'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு
பதினோரு மணிக்கு வந்தது சுற்றறிக்கை.
பல்கலைக்கழக மாணவர்களுக்கான
சர்வதேசக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளை
நடத்தித் தர விருப்பமுள்ள கல்லூரிகள்
இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி
இன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்பவும்.
இன்மை அறிக்கை ஏற்கப்பட மாட்டாது.

கிருஷ்ணகிரியில் அன்று ஆனி வெயில்.
கண்காணிப்பாளர் சென்னப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"எதையாவது போட்டு அனுப்புங்க ரத்னம்மா" என்றார்.
எதையாவது போடுவதில்
பதினாறு வருட அனுபவம் எனக்கு.

ஒன்று. ஆண்டுச் சராசரிப் பனிப்பொழிவு, சென்டிமீட்டரில்.
தளியில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.
மார்கழியில் கோஸ் இலை மேல் நிற்குமே,
அதை ஸ்கேல் வைத்து அளக்க முடியுமா என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில் லைனே கட்டானது.
எழுதினேன்: உண்டு. விடிந்தால் இருக்காது.

இரண்டு. சரிவுகளின் நீளம், இறக்கம்.
தொப்பூர் கணவாய் என்று ஆரம்பித்தேன்.
டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள்
பனி இல்லாமலே சறுக்கும் இடம்.
என் தம்பி கடைசியாகப் போன் செய்ததும்
அந்த வளைவுக்குச் சற்று மேலேதான்.
அடித்துவிட்டு
'பரிசீலனையில்' என்று போட்டேன்.

மூன்று. பனிக்கட்டி ஆடுகளம்.
அணை மீனுக்கு ஐஸ் போடும் ரஹ்மத்துல்லாவைக் கேட்டேன்.
எத்தனை பார் வேணும், எவ்வளவு நேரம் நிக்கணும் என்றான்.
பன்னிரண்டு நாள் என்றேன்.
"அக்கா, ஜிலேபிக் கெண்டையே
பெங்களூரு வரைக்கும் தாங்கறதில்ல."

நான்கு. வீரர் விடுதியில் வெப்பமூட்டும் வசதி.
உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

ஐந்து. எலும்பு முறிவுச் சிகிச்சை.
ராயக்கோட்டை ரோட்டில் மாவுக்கட்டு,
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாட்டுக்கட்டு.
வீரர் விருப்பம்.

ஆறு. மொழிபெயர்ப்பாளர்கள்.
இதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
காய்கறிக் கடையில் தெலுங்கு, மாமியாரிடம் கன்னடம்,
பழையபேட்டையில் உருது, ஆபீஸில் கோப்புத் தமிழ்,
பக்கத்து வீட்டு சிப்காட் பையன்களிடம் பாதி ஒடியா.
போதாதென்றால் கையும் இருக்கிறது.

ஏழில் பேனா நின்றுவிட்டது.
உறைபனிச் சூழலில் பயிற்சி பெற்ற
தங்கள் மாணவர்களின் எண்ணிக்கை.

உடற்கல்வி இயக்குநர் பிடரியைச் சொறிந்தார்.
கபடிக்கு எட்டுப் பேர் உண்டு என்றார்.
கொஞ்சம் கழித்து, "மாதேஷைக் கூப்பிடுங்க."

பி.ஏ. வரலாறு, இரண்டாமாண்டு, அஞ்செட்டிப் பக்கம்.
மாம்பழ சீசன் முழுக்க ராத்திரி ஷிப்டு,
கூழ் ஃபேக்டரிக் குளிரறையில், மைனஸ் பதினெட்டில்.
வந்து நின்றான்.
விரல் நுனிகளில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது.

"தரை பூரா உறைஞ்சிருக்கும் மேடம்.
கம்பூட்ஸோட ரெண்டு எட்டு ஓடி நின்னுட்டா
அந்தக் கோடி ரேக் வரைக்கும் தானா போகும்.
சூப்பர்வைசர் டீக்குப் போனா
நாங்க அஞ்சு பேர் பந்தயம் வைப்போம்.
மூச்சு முன்னாடி போகும். நாங்க பின்னாடி."

விழுந்ததில்லையா?

"ஒரு தடவ. பீப்பாய் மேல."
சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான்.

ஐந்து என்று எழுதினேன்.
சென்னப்பன் சார் படிக்காமலே இனிஷியல் போட்டார்.

மூன்று ஐம்பதுக்குத் திருத்தம் வந்தது:
மேற்படி கடிதம் தவறுதலாக அனுப்பப்பட்டது,
பொருட்படுத்த வேண்டாம்.
மூன்று நாற்பத்தெட்டுக்கே நான் அனுப்பிவிட்டிருந்தேன்.

மாதேஷ் இன்னும் வாசலில்தான் நின்றான்.
போட்டி எந்த ஊரில் என்றான்.
தெரியலப்பா, எங்கயோ பனி பெய்யற ஊர்ல.

யோசித்தான்.
"அங்க, ஷிப்டு முடிஞ்சு கதவத் திறந்து வந்தா
வெளியவும் குளிருமா மேடம்?"

படிவத்தின் நகலைக் கோப்பில் வைத்தேன்.
பக்க எண் போட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.